இந்த வண்டி மருதமலை போகாது தம்பி!

கேம்பஸ் கீ-போர்டு: வாராவாரம் ஒரு டெக் பஞ்சாயத்து



காலேஜ் பசங்களைப் பார்த்து இன்டர்நெட்டே நடுங்கிய மாசம் ஒன்று உண்டு. செப்டம்பர்! 'அரியர் ரிசல்ட் வர்ற மாசமா?' என்று கேட்காதீங்க. அது நம்ம நடுக்கம். இது அவங்க நடுக்கம்.

கொஞ்சம் பின்னாடி போகலாம். 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்று இரண்டு மாணவர்கள். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் செய்திகளைக் கைமாற்றிக்கொள்ள ஒரு வழி யோசித்தார்கள். 1980-ல் அது ஓட ஆரம்பித்தது. பெயர் யூஸ்நெட். வெப்சைட் என்ற சங்கதியே பிறக்காத காலம். ஒரு கம்ப்யூட்டர் டெலிபோன் லைனில் இன்னொன்றைக் கூப்பிட்டு, 'என்கிட்ட இத்தனை செய்தி புதுசா வந்திருக்கு, வாங்கிக்கோ' என்று கொடுக்கும். அது அடுத்த கம்ப்யூட்டரிடம் கொடுக்கும். அந்த போன் பில்லை யாரோ ஒரு பல்கலைக்கழகமோ கம்பெனியோ கட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு வரி வெட்டிப் பேச்சுக்குக்கூட யாரோ ஒருத்தர் நிஜமாகவே காசு கொடுத்தார்கள்.

அங்கே அறை அறையாகப் பிரிக்கும் பழக்கம் இருந்தது. 1987-ல் மொத்த வீட்டையும் ஒழுங்குபண்ணி ஏழு பெரிய தலைப்புகளுக்குள் அடுக்கினார்கள். 'காம்ப்' என்று ஆரம்பித்தால் கம்ப்யூட்டர், 'சை' என்றால் அறிவியல், 'ரெக்' என்றால் பொழுதுபோக்கு. சி லாங்குவேஜில் சந்தேகமா? அதற்கென்றே ஓர் அறை. சினிமா பேசணுமா? அது வேற அறை. சி அறையில் போய் சினிமா பேசினால் அதுக்குப் பெயர் 'ஆஃப் டாபிக்'. நம்ம பாஷையில் சொன்னால், சம்பந்தா சம்பந்தம் இல்லாத பேச்சு.

இப்போ செப்டம்பருக்கு வருவோம். அமெரிக்காவில் கல்லூரி திறக்கும் காலம் அது. புதுசா சேர்ந்த ஃபர்ஸ்ட் இயர் மாணவர்களுக்கு அப்போதுதான் யூஸ்நெட் கணக்கு கிடைக்கும். அவ்வளவுதான். எந்த அறையில் எதைக் கேட்பது என்று தெரியாமல் எல்லா அறையிலும் எல்லாத்தையும் கேட்பார்கள். சீனியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால், திட்டிக்கொண்டேயாவது வழி சொல்லுவார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களைத் தொகுத்து, 'எஃப்.ஏ.க்யூ.' என்று பெயர் வைத்து, அவ்வப்போது ஒட்டி வைப்பார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் ஜூனியர்களும் பழகிவிடுவார்கள்.

1993 செப்டம்பரில் ஆரம்பித்த கூட்டம் மட்டும் ஓயவே இல்லை. 1994-ல் ஏ.ஓ.எல். கம்பெனி தன் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட் கதவைத் திறந்துவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை வந்த வெள்ளம் தினமும் வர ஆரம்பித்தது. அந்தக் காலகட்டத்துக்கு 'முடிவில்லாத செப்டம்பர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கேட்டால் ஜூனியர்களைத் திட்டுகிற பெயர் மாதிரிதான் இருக்கும். எனக்கு அது வேற மாதிரி கேட்கிறது. ஜூனியருக்கு வழி சொல்ல சீனியருக்கு நேரம் கிடைக்காமல் போன நாள் அது. ஆஃப் டாபிக் பிரச்னையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

வக்கீல் தம்பதியின் கைங்கர்யம்

தெரியாமல் பேசுவது ஒரு ரகம். தெரிந்தே பேசுவது இன்னொரு ரகம்.

1994 ஏப்ரல் 12. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வக்கீல் தம்பதி. 'கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்க நாங்க உதவுறோம், ஃபீஸ் கொடுங்க' என்று ஒரு விளம்பரம் தயார் பண்ணினார்கள். யூஸ்நெட்டில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளில் அதைத் தனித்தனியாக ஒட்டிவிட்டார்கள். புரோகிராமிங் அறையிலும் கிரீன் கார்டு, பொழுதுபோக்கு அறையிலும் கிரீன் கார்டு, போகிற இடமெல்லாம் கிரீன் கார்டு!

கொதித்துப்போனது கூட்டம். புகார் மெயில்கள் மலையாகக் குவிந்ததில் அந்தத் தம்பதிக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுத்த கம்பெனியின் கம்ப்யூட்டர்களே படுத்துவிட்டன. கணக்கும் போனது. வியாபார ஸ்பாம் என்றால் இன்றைக்கும் முதலில் சொல்கிற உதாரணம் இவர்கள்தான்.

கவனிங்க பாஸ். செப்டம்பர் ஜூனியரும் சம்பந்தமில்லாமல்தான் பேசினான். வக்கீல் தம்பதியும் சம்பந்தமில்லாமல்தான் பேசினார்கள். ஆனால், ஜூனியருக்கு அறை தெரியாது. இவர்களுக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் அது நியாயமில்லை. நம்ம குரூப் அட்மின்களில் நிறையப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

மியூட்டில் தூங்கும் பதில்

அமெரிக்காவும் டெலிபோன் பில்லும் பழைய கதை. இப்போது டேட்டா சல்லிசு. ஒரு 'குட் மார்னிங்' ரோஜாவை அனுப்ப யாருக்கும் காசு கரைவதில்லை. அப்புறம் என்ன கஷ்டம்?

எங்க காலேஜ் நிலவரத்தைச் சொல்றேன். டிபார்ட்மென்ட்டில் ப்ராஜெக்ட் சந்தேகங்களுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நாலு வருஷத்துப் பசங்களும், படித்து முடித்து வேலைக்குப் போன சில அண்ணன், அக்காக்களும் அதில் இருக்கிறார்கள். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி பத்தே முக்காலுக்கு ஃபைனல் இயர் அண்ணன் ஒருத்தர் எரர் மெசேஜை அப்படியே போட்டு, 'இது ஏன் வருதுன்னு யாராவது சொல்லுங்களேன்' என்று கேட்டார். அவர் மெசேஜுக்கு மேலே ஐ.பி.எல். ஸ்கோர். கீழே, 'டிராஃப்டர் விற்பனைக்கு, ஒரு செமஸ்டர் மட்டுமே உபயோகித்தது.' அதுக்கும் கீழே ஒரு மொக்கை மீம், பதினெட்டு சிரிப்பு. காலையில் பார்த்தால் பூங்கொத்தோடு ஒரு காலை வணக்கம்.

கேள்வி அம்போ!

பதில் தெரிந்த அக்கா அதே குரூப்பில்தான் இருந்தார். அந்த எரரை அவர் தன் ப்ராஜெக்ட்டிலேயே பார்த்திருக்கிறார். ரெண்டு நிமிஷ வேலை. ஆனால், குரூப்பை மியூட் பண்ணி மூணு மாசம் ஆகியிருந்தது. 'தினமும் நூறு மெசேஜ் வந்தா என்னம்மா பண்றது? எனக்கும் ஆபீஸ் இருக்கே' என்றார் பிறகு. அவர் மேல் தப்பு சொல்ல முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு. குரூப்பில் 500 பேர். ஒருத்தர் சம்பந்தமில்லாத ஒரு படம் அனுப்புகிறார். ஆளுக்குப் பத்து விநாடிதான் போகிறது என்று வையுங்கள். மொத்தம் 5,000 விநாடி. கிட்டத்தட்ட 83 நிமிஷம். நம்ம காலேஜில் ஒரு பீரியட், கூடவே கேன்டீனில் ஒரு டீக்கு ஆகிற நேரம்! அனுப்பியவருக்கோ ரெண்டு விநாடிகூட ஆகவில்லை. செலவு அனுப்புகிறவருக்கு இல்லை என்பதால்தான் அது செலவு மாதிரியே தெரிவதில்லை. காலை வணக்கப் படங்கள் போன் மெமரியை அடைப்பதைப் பார்த்து, அவற்றைத் தேடிப்பிடித்து அழிக்கிற வசதியையே கூகுள் தன் 'ஃபைல்ஸ் கோ' ஆப்பில் 2018-ல் சேர்த்தது. போன் மெமரியை அழித்துக் காலி பண்ணலாம். மியூட் போட்டுவிட்டுப் போன அக்காவை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

வணக்கம் சொன்னா குத்தமா?

டெக் உதவி கேட்கிற உலகத்தில் நம்ம ஊர்ப் பசங்க முதலில் அடிவாங்குகிற இடம் இதுதான்.

நமக்கு ஸ்கூலிலிருந்தே சொல்லிக் கொடுத்தது என்ன? லீவ் லெட்டர் ஞாபகம் இருக்கா? 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம், நான் தங்கள் பள்ளியில்...' என்று நாலு வரி போன பிறகுதான் காய்ச்சல் என்ற விஷயமே வரும். பெரியவர்களிடம் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். அதே பழக்கத்தில் ஓர் இடத்தில், 'வணக்கம், எல்லோரும் நலமா, நான் இதற்குப் புதியவன், என் ஆங்கிலத்தை மன்னிக்கவும், தயவுசெய்து உதவுங்கள்' என்று எழுதினால்?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் அந்த வரிகளையெல்லாம் யாராவது எடிட் பண்ணித் தூக்கிவிடுவார்கள். 2008-ல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் ஆரம்பித்த இடம் அது. கேள்வி, பதில், அவ்வளவுதான். வணக்கமும் கிடையாது, முன்கூட்டிய நன்றியும் கிடையாது. பதில் உதவியாக இருந்தால் ஓட்டுப் போடு, அதுதான் நன்றி. முதல்முறை பார்க்கிறவனுக்கு, 'என்னடா, வணக்கம் சொன்னதுக்கே வெட்டுறாங்க!' என்று மூக்குடைந்த மாதிரி இருக்கும்.

எரிக் ரேமண்ட் 2001-ல் எழுதி, பின்பு ரிக் மோயனோடு சேர்ந்து வளர்த்த ஒரு கட்டுரை இருக்கிறது. புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்பதுதான் தலைப்பே. கெஞ்சிக் கூத்தாடுவது ஹோம்வொர்க் பண்ணுவதற்கு மாற்றாகாது என்று அதில் ஒரு பகுதி உண்டு. 'அர்ஜென்ட்' என்று போடாதே என்பதும் உண்டு. உனக்கு அர்ஜென்ட் என்பது பதில் சொல்கிறவருக்கு ஒரு காரணமே இல்லை.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் மரியாதைதான். பாஷைதான் வேற. நம்ம ஊரில் மரியாதை என்பது நேரம் எடுத்துப் பேசுவது. அங்கே மரியாதை என்பது எதிராளியின் நேரத்தை எடுக்காமல் இருப்பது. பதில் சொல்கிறவர் சம்பளம் வாங்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு நமக்காக உட்கார்கிறார். அவருக்குச் செய்கிற பெரிய வணக்கம், தலைப்பிலேயே விஷயத்தைச் சொல்வதுதான். இது புரிந்துவிட்டால் வெட்டப்பட்ட 'வணக்கம்' வலிக்காது.

சிரித்த நாலு எமோஜி

அதுக்காக, 'ஆஃப் டாபிக் பேசினவனை ஓட ஓட விரட்டுறது கரெக்ட்' என்று அட்மின்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். இதையும் கேளுங்க.

அதே எங்க குரூப். ஃபர்ஸ்ட் இயர் தம்பி ஒருவன். கிராமத்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். சேர்ந்த மூணாவது வாரம், 'முப்பதாயிரத்துக்குள் எந்த லேப்டாப் வாங்கலாம் அண்ணா?' என்று கேட்டான். ப்ராஜெக்ட் சந்தேகக் குரூப்பில் லேப்டாப் ஆலோசனை. ஆஃப் டாபிக்தான், மறுப்பதற்கில்லை. வந்த பதில்: 'இது என்ன ரிச்சி ஸ்ட்ரீட்டா?' கூடவே நாலு சிரிக்கிற எமோஜி.

டிசம்பரில் சி லேப்பில் அவனைப் பார்த்தேன். பாயின்டரில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தான். 'குரூப்ல கேட்டிருக்கலாமேடா, அதுக்குத்தானே இருக்கு' என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, 'கேட்டா சிரிப்பாங்கக்கா' என்றான்.

அவன் கேட்ட சம்பந்தமில்லாத கேள்வியை நிறுத்தப் போய், கேட்க வேண்டிய கேள்விகளையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். மூணு மாசம் ஒரு பையன் வாயைத் திறக்கவில்லை. லேப் எக்ஸாமில் போகிற மார்க் அவனுக்குத்தானே?

இது எங்க காலேஜ் கதை மட்டுமில்லை. 2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் அதிகாரி ஜே ஹான்லன் வெளிப்படையாகவே எழுதினார். தங்கள் இடம் புதியவர்களை வரவேற்கிற இடமாக இல்லை, அது மாற வேண்டும் என்று. புதுசாக கோடிங் கற்கிறவர்கள், பெண்கள், வெள்ளையர் அல்லாதவர்கள் உள்ளிட்ட பலருக்கு அது மிரட்டுகிற இடமாகத் தெரிகிறது என்பதை ஒப்புக்கொண்டார். அந்த வருஷமே நடத்தை விதிகளையும் மாற்றி எழுதினார்கள். பத்து வருஷம் உலகத்துக்கே பதில் சொன்ன இடம், 'பதில் சரி, குரல்தான் சரியில்லை' என்று சொல்ல வேண்டி வந்தது.

எதிர்ப்பக்கம் நில்லு தம்பி

அப்போ என்னதான் பண்றது? விட்டால் சந்தைக்கடை, பிடித்தால் மயான அமைதி!

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஊருக்குப் புதுசான ஒருத்தர் தப்பான டவுன் பஸ்ஸில் ஏறிவிடுகிறார் என்று வையுங்கள். ஒரு கண்டக்டர், 'மருதமலை போகாது, இறங்கு இறங்கு' என்று விசிலை ஊதுவார். இன்னொருத்தர், 'இந்த வண்டி மருதமலை போகாது தம்பி, எதிர்ப்பக்கம் நில்லு, அங்கே வரும்' என்பார். இரண்டு பேருமே இறக்கித்தான் விடுகிறார்கள். இரண்டு பேருமே ரூல்ஸ்படிதான் நடக்கிறார்கள். வித்தியாசம் ஒரே ஒரு வாக்கியம். ஆனால், பயணி ஊர் போய்ச் சேருவது அந்த வாக்கியத்தால்தான்.

உபுண்டு லினக்ஸ் ஆட்கள் இதை அழகாகச் செய்தார்கள். 2004-ல் முதல் பதிப்பு வந்த இயங்குதளம் அது. ஐ.ஆர்.சி. என்ற அரட்டை வசதியில் உதவி கேட்க 'உபுண்டு' என்று ஒரு சேனல். வெட்டி அரட்டைக்கென்றே 'உபுண்டு ஆஃப்டாபிக்' என்று பக்கத்திலேயே இன்னொரு சேனல். உதவிச் சேனலில் யாராவது வெட்டிப் பேச்சை ஆரம்பித்தால், 'அந்தப் பக்கம் வாங்க, அங்கே பேசலாம்' என்று கையைக் காட்டுவார்கள். அரட்டைக்குத் தடையில்லை, தனி இடம் உண்டு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் இந்த வேலையைச் செய்தது. சர்வர் நிர்வாகக் கேள்விகளுக்கு சர்வர் ஃபால்ட், வீட்டு கம்ப்யூட்டர் கேள்விகளுக்கு சூப்பர் யூசர் என்று 2009-ல் பக்கத்து வீடுகளைக் கட்டினார்கள். இங்கே ஆஃப் டாபிக் ஆனது அங்கே சரியான டாபிக்!

வாட்ஸ்அப்பில் அட்மின் மட்டுமே பேசலாம் என்கிற பூட்டு 2018-ல் வந்தது. குரூப்பில் சத்தம் அதிகமானால் நம்ம அட்மின்கள் முதலில் தேடுவது அந்தப் பூட்டைத்தான். சத்தம் நிற்கும், நிஜம்தான். கூடவே கேள்விகளும் நின்றுவிடும். பூட்டுப் போடுவதைவிடப் பக்கத்தில் ஓர் அறை திறப்பது நல்லது.

அரட்டையையும் குறைவாக எடை போடாதீங்க. ஸ்கோர் பேசி, சினிமா பேசிப் பழகிய அண்ணனிடம்தான் ராத்திரி பதினோரு மணிக்குத் தயங்காமல் சந்தேகம் கேட்க முடியும். டீக்கடை இல்லாத காலேஜ் மாதிரிதான் அரட்டை இல்லாத குரூப். டீக்கடை லேப்புக்குள் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சில நேரம் எல்லா ரூல்ஸையும் ஓரமாக வைக்கவும் தெரிய வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், யாருக்கு எங்கே தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், படகு வேண்டும் என்று தன்னார்வலர்கள் இணையத்தில் பட்டியல் போட்டுச் சேர்த்தார்கள். அந்த மாதிரி ராத்திரியில் கோடிங் குரூப்பில் ஒருத்தர், 'தாத்தா மாடியில மாட்டிக்கிட்டார்' என்று எழுதினால், 'இது ஆஃப் டாபிக்' என்று சொல்கிறவருக்கு ரூல்ஸ் தெரியும், மனுஷங்களைத் தெரியாது.

பாக்கெட்டில் வைக்க ஏழு பாயின்ட்

1. நுழைந்ததும் பேசாதீங்க. இன்டெல்லில் இருந்த சாலி ஹேம்பிரிட்ஜ் 1995-ல் தொகுத்த 'ஆர்.எஃப்.சி. 1855' என்கிற இணைய நாகரிகக் குறிப்பு, ஒன்றிரண்டு மாதம் சும்மா படித்துவிட்டுப் பிறகு எழுதச் சொல்கிறது. ரிவ்யூவை வைத்துக்கொண்டு ரெண்டு மாசம் காத்திருக்க முடியாது. பழைய மெசேஜ்களை அரை மணி நேரம் புரட்டலாமே! அந்த அறையில் எது ஓடும், எது ஓடாது என்று பிடிபட்டுவிடும். பாதி நேரம் உங்க பதிலே அங்கே இருக்கும்.

2. முதல் வரியிலேயே விஷயம். 'சார் ப்ராஜெக்ட் வொர்க் ஆகல, ஹெல்ப், அர்ஜென்ட்' என்பதில் ஒரு தகவலும் இல்லை. 'ஆர்டுயினோ ஊனோவில் டி.எச்.டி.11 சென்சார், சீரியல் மானிட்டரில் வெப்பநிலைக்குப் பதில் என்.ஏ.என். என்று வருது' என்று போட்டுப் பாருங்கள். தெரிந்தவர் கண் தானாக நிற்கும். தெரியாதவர் ஒரு விநாடியில் கடந்து போய்விடலாம். இரண்டு பேருக்கும் நல்லது.

3. ஒரு மெசேஜில் ஒரு கேள்வி. சென்சார் சந்தேகத்தின் வாலில், 'அப்படியே இன்டர்ன்ஷிப் எங்க கிடைக்கும்?' என்று கட்டாதீங்க. பேச்சு வால் பின்னாடியே போய்விடும். சென்சார் அனாதையாக நிற்கும்.

4. அடுத்தவர் கேள்விக்குள் உங்க கேள்வியை நுழைக்காதீங்க. அவர் பந்தியில் உட்கார்ந்து உங்க மொய்யை எழுதக் கூடாது.

5. சரியாகிவிட்டால் எப்படி என்று சொல்லுங்க. 'ஓகே, நானே சரி பண்ணிட்டேன்' என்று மட்டும் போட்டுவிட்டுக் காணாமல் போவது பெரிய பாவம்! 2011-ல் எக்ஸ்.கே.சி.டி. கார்ட்டூனில் ராண்டல் மன்றோ ஒரு காட்சி வரைந்தார். தன் பிரச்னையை உலகத்தில் இன்னும் ஒரே ஒருத்தர் 2003-ல் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. பார்த்தவர் மானிட்டரைப் பிடித்து உலுக்குகிறார். நாம் எல்லோருமே உலுக்கியிருக்கிறோம், இல்லையா? 'டேட்டா ஒயர் மூணாவது பின்னில் இருந்தது, கோடில் ரெண்டுன்னு கொடுத்திருந்தேன்' என்று ஒரு வரி போட்டால் அடுத்த வருஷம் ஒருத்தன் ராத்திரி தூங்குவான்.

6. பதில் சொல்கிறவர்களுக்கு: 'இங்க இல்லை' என்று சொன்னால் 'அங்க' என்று சேர்த்துச் சொல்லுங்க. அந்த 'அங்க' உங்களுக்கே தெரியாவிட்டால் சும்மா கடந்து போங்க. ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிவிட்டால் இன்னும் நாலு பேர் போய் அதையே சொல்ல வேண்டாம். ஆஃப் டாபிக் மெசேஜ் ஒன்று, அதைக் கண்டித்து எட்டு என்றால், குரூப்பை அடைத்தது யார்?

7. அட்மின்களுக்கு: முதல்முறை தெரியாமல் செய்கிறவருக்குத் தனியாக மெசேஜ். சபையில் வேண்டாம். தெரிந்தே திரும்பத் திரும்ப விளம்பரம் ஒட்டுகிற 'கிரீன் கார்டு' பார்ட்டிகளுக்கு மட்டும் கதவைக் காட்டுங்க.

ஏ.ஐ. திட்டாதே... அப்புறம் ஏன்?

'இவ்வளவு தலைவலி எதுக்கு பாஸ்? சாட் ஜி.பி.டி.கிட்ட கேட்டுட்டுப் போறேன். வணக்கமும் சொல்லலாம், சொந்தக் கதையும் சொல்லலாம். சிரிக்காது, திட்டாது' என்கிறீங்களா? நியாயம்தான். 2022 நவம்பரில் அது வந்த பிறகு ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விழுகிற கேள்விகள் வெகுவாகக் குறைந்தன. திட்டு வாங்காமல் பதில் கிடைக்கும் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? மனுஷங்க கடுகடு என்று இருந்ததற்கு இதுவும் ஒரு விலை.

ஆனால், இரண்டு விஷயம். ஒன்று, அது சில நேரம் தப்பையும் தைரியமாகச் சொல்லும். நம்புகிற மாதிரி எழுதிய தப்பான பதில்கள் குவிகிறது என்று 2022 டிசம்பரிலேயே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சாட் ஜி.பி.டி. பதில்களுக்குத் தடை போட்டது. இரண்டாவதுதான் முக்கியம். அதனிடம் நீங்கள் கேட்ட கேள்வியும் வாங்கிய பதிலும் உங்க ஸ்கிரீனோடு சரி. அடுத்த பெஞ்ச் தோழிக்கே தெரியாது. பொது இடத்தில் ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக முடித்த ஒரு கேள்வி, ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தல் மாதிரி. யார் வைத்தது என்று தெரியாமலேயே வழிப்போக்கர்கள் குடித்துவிட்டுப் போவார்கள். 2024 மே மாதம் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவோடு ஒப்பந்தம் போட்டதே, எதற்காக? சம்பளம் வாங்காத மனுஷங்க வருஷக்கணக்காக வைத்துவிட்டுப் போன தண்ணீர் அங்கே இருக்கிறது என்பதற்காகத்தான்.

புதுப் பானைகள் வைப்பது நம்ம வேலை. அதில் குட் மார்னிங் ரோஜா மிதக்காமல் பார்த்துக்கொள்வதும், தாகத்தோடு தப்பான பந்தலுக்கு வந்தவனை விரட்டாமல் சரியான பந்தலைக் காட்டுவதும் நம்ம வேலைதான்.

ஆக, இந்த வாரத்து அசைன்மென்ட்: உங்க டிபார்ட்மென்ட் குரூப்புக்குப் பக்கத்திலேயே 'டீக்கடை' என்று இன்னொரு குரூப் ஆரம்பிங்க. ஸ்கோர், மீம், டிராஃப்டர் விற்பனை எல்லாத்தையும் அங்கே மாற்றிவிடுங்க. அப்புறம், மியூட் போட்ட சீனியர்களுக்கு ஒரு தனி மெசேஜ்: 'சத்தம் குறைஞ்சிருக்கு, திரும்பி வாங்கக்கா.'

அடுத்த வாரம்: ஒரே பாஸ்வேர்டை எட்டு இடத்தில் போடுகிற ஹாஸ்டல் திலகங்களுக்கு ஒரு வார்த்தை. வரட்டா!